கக்கூஸ் கிடங்குக்குப் புண்யாஹவாசனம்

கக்கூஸ் வண்டிகள் கொட்டுகிற கிடங்கை எங்கள் கால்பந்து கிளப்புக்குக் கொடுங்கள் என்று முனிசிபல் கவுன்சிலுக்கு மனு எழுதியவன் நான். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஸ்ரீரங்கத்து உத்தர வீதியில் பிறந்து, பன்னிரண்டு திருமண் இட்டுக்கொள்ளும் அப்பாவிடம் அட்சரம் பழகி, அந்தக் கையெழுத்தால் நான் ஊருக்காக எழுதிய முதல் விண்ணப்பம் அதுதான். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு ஊரே சிரித்தது. சிரித்ததில் எனக்கு வருத்தமில்லை. பிறகு நடந்ததை நினைத்தால்தான் இன்றைக்கும் குமட்டுகிறது.

முப்பதுகளின் நடுவில் நடந்த கதை. எந்தக் கவுன்சில் என்று கேட்காதீர்கள். காவிரிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அந்தக் காலத்தில் ஒன்றுக்கு மேல் இருந்தன. எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைதான். ஆட்களின் பெயரையும் சொல்லமாட்டேன். பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மீதிப் பேருக்குச் சிலை வைக்க வேண்டும் என்று யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள்.

எங்களுக்கு மைதானம் கிடையாது. பங்குனி, சித்திரை, வைகாசியில் காவிரி மணல்தான் மைதானம். நாலு மூங்கிலை நட்டால் இரண்டு கோல். கணுக்கால் வரை புதையும் மணலில் ஓடி ஓடி எங்கள் ஆட்களுக்குக் கெண்டைச் சதை கல்லு மாதிரி இருக்கும். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் மைதானம் போயிற்று. ஊரே ஆடிப்பெருக்குக்குச் சித்திரான்னம் கட்டிக்கொண்டு கரைக்கு வரும். எங்கள் கிளப்புக்கு அன்றைக்கு இழவு வீடு. கரையில் நின்று, வைகாசி வரை கோல் இருந்த இடத்தில் சுழித்துக்கொண்டு போகிற தண்ணீரைப் பார்த்துத் திட்டுவோம். காவிரித் தாயைத் திட்டிய பாவிகள் திருச்சிராப்பள்ளி ஜில்லாவிலேயே நாங்கள் மட்டும்தான் இருப்போம்.

எங்கள் கேப்டன் தோல் மண்டிக்காரர் மகன். பழைய ஊரில் மசூதித் தெருவில் வீடு. எல்லோருக்கும் அவர் ‘பாய்’தான். அவருக்கு ‘ஸ்டேடியம்’ என்ற சொல்லின்மேல் ஒரு பைத்தியம். மெட்ராஸுக்குத் தோல் மூட்டையோடு போனபோது யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறார். “சுத்திச் சுவரு, ஒரு பக்கம் கேலரி, ஒரு வாசல். அவ்வளவுதான் ஐயங்காரே. நம்ம பசங்க அந்த வாசல் வழியா வரிசையா உள்ள வரணும்” என்பார். நான் வக்கீல் குமாஸ்தா. ரைட் ஹாஃப் ஆடுவேன். எழுதப் படிக்கத் தெரிந்த பாவத்துக்குச் செக்ரட்டரியும் நான்தான். மாட்டுத்தோல் பந்தைத் தொட்டவன் என்பதால் தினமும் அம்மாமண்டபம் படித்துறையில் இறங்கி முழுகிவிட்டு, ஈர வேட்டியோடுதான் வீட்டுக்குள் போகலாம் என்பது அப்பாவின் கட்டளை. அதை நான் ஒருநாளும் மீறியதில்லை. தோல் தீட்டு தண்ணீரில் போய்விடும் என்று மனசார நம்பியவன் நான்.

மூன்றாவது ஆள் எங்கள் கோல்கீப்பர். இந்தக் கதையே அவனுடையதுதான்.

அவன் கவுன்சிலில் கக்கூஸ் வண்டி ஓட்டுகிறவன். தோட்டி என்று அன்றைக்குச் சொல்வார்கள். சொல்லும்போதே முகத்தைச் சுளித்துக்கொள்வார்கள். விடியற்காலையில் சந்து சந்தாகப் போய் வீடுகளின் பின்கட்டில் அள்ளி, இரும்புப் பீப்பாய் வண்டியில் ஊற்றி, கிடங்கில் கொண்டுபோய்க் கொட்டி, வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிப்பான். பிறகு வாய்க்காலில் குளித்துவிட்டு ஆற்று மணலுக்கு வருவான். மணல் யார் அப்பன் வீட்டுச் சொத்து? அங்கே அவனை வராதே என்று சொல்ல ஆள் இல்லை. அப்படித்தான் எங்களோடு சேர்ந்தான். உயரம் என்றால் அப்படி ஒரு உயரம். இடது பக்க மூங்கிலிலிருந்து வலது பக்க மூங்கிலுக்கு ஒரே தாவில் போவான். பூட்ஸ் போட்ட ரயில்வே டீம்காரர்களே அவனைக் கண்டால் தூரத்திலிருந்தே அடித்துப் பார்ப்பார்கள்.

அவனைக் கோலில் நிறுத்தியது என் யோசனை. கேட்டால் உயரம் என்று சொல்வேன். உண்மையைச் சொல்கிறேன், இந்த வயதில் எதற்குப் பொய். கோலில் நிற்கிறவன் யாரோடும் இடித்துக்கொள்ள வேண்டியதில்லை. எதிர் டீமில் யார் மேலும் பட வேண்டியதில்லை. எனக்கும் தோளோடு தோள் உரச வேண்டியதில்லை. எவ்வளவு பக்குவமாக யோசித்திருக்கிறேன் பாருங்கள்! த்தூ.

மற்ற டீம்களின் கிரவுண்டுக்குப் போனால் அவனுக்கு வாசல் கிடையாது. நாங்கள் பத்துப் பேர் முன்வாசலில் நுழைவோம். அவன் சுற்றிக்கொண்டு போய், கோலுக்குப் பின்னால் வேலி பிரிந்த இடத்தில் குனிந்து நுழைந்து, நேரே கம்பத்துக்கு நடுவில் வந்து நிற்பான். மேட்ச் முடிந்தால் அதே ஓட்டை வழியாகப் போய்விடுவான். தண்ணீர்கூடச் சோடா பாட்டிலில் தானே கொண்டுவருவான். ஒருநாள்கூட முணுமுணுத்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் கக்கூஸ் வண்டிகளுக்கு ஊருக்கு வெளியே வேறு இடம் பார்த்தார்கள். வாய்க்கால் கரையில் பழைய கிடங்கு சும்மா கிடக்கப் போகிறது. பாய் துள்ளிக் குதித்தார். நான் மனு எழுதினேன். பிறகு ஆரம்பித்தது எங்கள் சேர்மன் தரிசனம்.

சேர்மன் அரிசி மில் முதலாளி. கதர் தவிர வேறு உடுத்தமாட்டார். தீண்டாமை ஒழிய வேண்டும் என்று மேடை ஏறினால் மணிக்கணக்கில் பேசுவார். பேசும்போது கண்ணில் தண்ணீர்கூட வரும். அவரைப் பார்க்கப் போகிறவர்கள் காலையில் போக வேண்டும். காலையில் அவர் கிணற்றடியில் நாக்கு வழித்துக்கொண்டிருப்பார். வெள்ளியில் நாக்கு வழிப்பான். அதை வளைத்து உள்ளே விட்டு, அடிவயிற்றிலிருந்து ‘ஓஓக்’ என்று ஒரு சத்தம். காக்காய்கள் பறக்கும். “மைதானம்ங்கிறது தம்பி... ஓஓக்... இளைஞர்களுக்கு அவசியம்... ஓஓக்... தேசத்துக்கே...” என்று தேசத்தையும் சேர்த்துக் காறித் துப்புவார். நாங்கள் வாசனையான சிரிப்போடு நிற்க வேண்டும். எத்தனை காலை அப்படி நின்றோம் என்று ஞாபகமில்லை. வீட்டுக்கு வந்தால் காபி இறங்காது.

அவருக்கு மூன்று ஆசை. கேலரியில் முன்வரிசையில் சோபா. வாசலில் தன் பெயர் வெட்டிய கல். கிளப்புக்குத் தலைவராகத் தன் மாப்பிள்ளை. மாப்பிள்ளை என்றால் சாதாரண மாப்பிள்ளை இல்லை. குனிந்து தன் கால் கட்டைவிரலைப் பார்த்தே பல வருஷம் ஆகியிருக்கும். பாய் மூன்றுக்கும் தலையாட்டினார். “கிரவுண்டு வரட்டும் ஐயங்காரே. மாப்பிள்ளையையே கோலுக்கு நடுவுல நிறுத்தினாலும் சரி, பந்து உள்ள போவாது” என்று வெளியே வந்து சிரித்தார்.

அப்புறம் சேர்மன் சொன்னார். கவுன்சிலர்கள் வந்து பார்க்கும்போது இடம் பளிச்சென்று இருக்க வேண்டும். இப்படி நாறிக் கிடந்தால் எவன் கையைத் தூக்குவான்? அதனால் சுத்தம் செய்கிற வேலை கிளப்புடையது. கவுன்சில் ஒரு கூலியாளைக்கூட அனுப்பாது.

எங்கள் பதினோரு பேரில் ஒன்பது பேர் அந்த வாய்க்கால் பாலம் வரைக்கும்தான் போனோம். நெசவுக்காரப் பையன் ஒருவன் பாலத்திலேயே வாந்தி எடுத்தான். பாய் மட்டும் உள்ளே போனார். தோல் மண்டி நாற்றத்தில் பிறந்து வளர்ந்தவர், அவரும் கால் மணி நேரத்தில் வெளியே வந்து வேப்பமரத்தைக் கட்டிக்கொண்டு குடலே வெளியே வருகிற மாதிரி கக்கினார். நான் கர்ச்சீப்பில் பச்சைக் கற்பூரம் முடிந்து மூக்கில் வைத்துக்கொண்டு மேட்டில் நின்றேன்.

சுத்தம் செய்தது அவன். அவனும், அவன் பெண்டாட்டியும், இரண்டு மச்சான்மார்களும். காலையில் ஊர் வேலை. சாப்பிட்டுவிட்டு மத்தியானம் இங்கே. குழி குழியாக ஊறிக் கிடந்ததை வெட்டி எடுத்து, அதே பீப்பாய் வண்டியில் ஏற்றி வெளியே அனுப்பி, திரும்பி வருகிற வண்டியில் ஆற்று மணல் கொண்டுவந்து கொட்டி, காலால் மிதித்து மிதித்துச் சமப்படுத்தினார்கள். வாரக்கணக்கில் செய்தார்கள். கர்ச்சீப்புக்குள்ளிருந்து நான், “அந்த மூலை இன்னும் பள்ளமா இருக்கு பார்” என்பேன்.

அவன் ஒருநாள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சிரித்தான். “ஊரோட வயிறு சாமி இது. யார் வீட்ல என்ன சாப்பிட்டாங்க, யாருக்குச் செரிக்கலை, எல்லாம் எங்களுக்குத் தெரியும். சேர்மன் வீட்ல ரெண்டு நாளா ஒருத்தருக்கும் சரியில்ல. கல்யாணச் சாப்பாடு போல.” நான் சிரித்து, கற்பூரத்தைத் தவறவிட்டு, அந்த நாற்றத்தை ஒரு வாய் முழுக்க இழுத்துவிட்டேன். அவன் பதறிப்போய், “போங்க சாமி, மேலே போங்க” என்றான்.

அன்றைக்குத்தான் கேட்டான். “நம்ம கிரவுண்டுன்னு ஆயிட்டா, நானும் உங்க கூட வாசல் வழியா வரலாம்ல சாமி?”

“என்ன கேள்வி கேக்கறே நீ? வாசல் திறந்ததும் மொத ஆளா நீதான் உள்ளே போறே. அப்புறம்தான் நாங்கள்ளாம்” என்றேன். பெரிய மனுஷத்தனமாகச் சொன்னேன். சொன்னபோது எனக்கே என்மேல் மரியாதை வந்தது. அவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அந்த மூலைப் பள்ளத்துக்குப் போனான். சாயங்காலம் பார்க்கிறேன், கோல் வரப்போகிற இடத்தை மட்டும் தனியாகச் சலித்த மணலால் மெழுகியிருந்தான்.

இடம் பளிச்சென்று ஆகிவிட்டது. ஆனால் ஓட்டுச் சேரவில்லை. கவுன்சிலில் பாதி கை ஒரு வக்கீலுக்குக் கட்டுப்பட்டது. அவர் பூர்வீகம் எங்கள் உத்தர வீதி. பெரிய வைதிகர். பாய் வந்தால் சரிப்படாது என்று நான் தனியாகப் போனேன். தரையில் விழுந்து தெண்டன் சமர்ப்பித்துவிட்டு ஒதுங்கி நின்றேன்.

“ஓய், நீர் உத்தர வீதித் திருமாளிகைப் பிள்ளைதானே? உமக்கு ஏன் ஓய் இந்த அபசாரம்? தலைமுறை தலைமுறையா ஊர் மலம் விழுந்த ஸ்தலம். அங்கே வந்து நான் உக்காரணுமா? கால் வைக்கப் போமா?”

அவர் சொன்னது முடியவில்லை, எனக்குள் ஒரு மின்னல். இதற்காகத்தானே நம் பெரியவர்கள் வழி வைத்திருக்கிறார்கள்!

“ஸ்வாமி, அடியேன் ஒண்ணு விண்ணப்பம் பண்ணலாமா? காவேரி தீர்த்தம் கொண்டுவந்து, யதோக்தமா புண்யாஹவாசனம் பண்ணிப் ப்ரோக்ஷணம் பண்ணிட்டா? எப்பேர்ப்பட்ட தோஷமும் போய்டுமே?”

வக்கீலுக்கு முகம் மலர்ந்தது. “அட! நன்னா சொன்னீர் ஓய். சாஸ்திரத்திலே இல்லாத பரிகாரமா? ரக்தம் எங்கே போகும்!” என்று உள்ளே திரும்பி எனக்கு மோர் கொண்டுவரச் சொன்னார். பந்து தோலாயிற்றே என்று நானே முந்திக்கொண்டு கேட்டேன். அதற்கும் வழி சொன்னார்: “மிருதங்கத்துக்கு என்ன, தோல்தானே? சந்நிதி வரைக்கும் போறதோல்லியோ? தோஷமில்லை.” மோரைக் குடித்துவிட்டு வானத்தில் நடந்து வந்தேன். பாயிடம் சொன்னபோது, “உங்க சடங்கு எனக்குத் தெரியாது ஐயங்காரே. கிரவுண்டு வருதுல்ல, அது போதும்” என்றார்.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. சேர்மன் பேசினார், வக்கீல் பேசினார், மேஜை தட்டினார்கள். இளைஞர் சமுதாயம் என்றார்கள், ஆரோக்கியம் என்றார்கள். அந்தக் கிடங்கை வெட்டிச் சுமந்தவர்களைப் பற்றி ஒருவர் வாயிலிருந்தும் ஒரு சொல் வரவில்லை. நானும் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து கைதட்டினேன்.

திறப்பு நாள். சுவர் இன்னும் எழும்பவில்லை. மூங்கில் தட்டி வேலி, ஒரு வாசல், வாசலுக்குத் தென்னங்குருத்துத் தோரணம். சாயங்காலம் ரயில்வே டீமோடு மேட்ச். பந்தலில் வைத்துக் குத்தகைப் பத்திரத்தில் சேர்மன் கையெழுத்துப் போட்டு எங்களிடம் கொடுப்பதாக ஏற்பாடு. ஊர் வேலையை முடித்துவிட்டு அவன் வந்து, கோல் கம்பங்களுக்கு இரண்டு பூச்சு வெள்ளையடித்து, கோடுகளுக்குச் சுண்ணாம்பு போட்டுவிட்டு, குளித்து வருகிறேன் என்று போனான்.

மத்தியானம் வைதிகர்கள் வந்தார்கள். குடத்துக்கு நூல் சுற்றி, மாவிலை, தேங்காய், தர்ப்பை எல்லாம் வைத்து ஜபித்துக் காவிரித் தீர்த்தத்தை நாலு மூலையிலும் தெளித்தார்கள். பஞ்சகவ்யமும் தெளித்தார்கள். கோல் வாசலில் இன்னும் ஒரு கை அதிகமாகவே தெளித்தார்கள். மனுஷன் பீயைச் சுத்தப்படுத்த மாட்டுச் சாணியும் கோமியமும். இதை இப்போது எழுதுகிறேனே தவிர, அன்றைக்கு நான் தாம்பாளம் ஏந்திக்கொண்டு பரவசமாகப் பின்னால் போனேன்.

எல்லாம் முடிந்து வக்கீல் பந்தலில் அமர்ந்தார். சேர்மன் சோபாவில். மாப்பிள்ளை இன்னொரு சோபா முழுக்க. எங்கள் டீம் வேலிக்கு வெளியே வரிசை கட்டி நின்றது. வரிசையில் முதல் ஆளாக அவன் நின்றான். வக்கீல் எட்டிப் பார்த்தார்.

“ஓய், அது யாரு? நம்ம ஆத்துக்கு வரவன் மாதிரின்னா இருக்கு?”

“நம்ம கோல்கீப்பர், ஸ்வாமி. இந்த இடத்தைச் சுத்தம் பண்ணினதே...”

“இருக்கட்டும் ஓய். பண்ணினான், சரி. அப்போ அசுத்த ஸ்தலம். இப்போ புண்யாஹம் ஆயிடுத்து. இனிமே அவா கால் பட்டா பண்ணினதெல்லாம் வியர்த்தம். மறுபடி முதல்லேருந்து. இது நான் சொல்றதா? உமக்குத் தெரியாதா?”

எனக்குத் தெரியும். அதுதான் கொடுமை. அந்தக் கிளப்பில் வேறு எவனுக்கும் அது தெரிந்திருக்க நியாயமில்லை. பாய்க்குத் தெரியாது, நெசவுக்காரப் பையன்களுக்குத் தெரியாது. சுத்தி என்றால் என்ன, சுத்தி செய்த இடத்துக்குள் யார் வரலாம், யார் வரக்கூடாது என்று தாய்ப்பாலோடு தெரிந்துகொண்டவன் நான் ஒருத்தன்தான். அந்தப் புத்திசாலிதான் வலியப் போய்ப் புண்யாஹம் பண்ணலாம் என்று சொல்லி, மோர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தான். செத்த மாட்டின் தோலுக்கு உள்ளே இடம் கேட்டு வாங்கியவனுக்கு, உயிரோடு இருக்கிறவனுக்கு இடம் கேட்கத் தோன்றவில்லை.

பாய் வேகமாக உள்ளே வந்தார். “அவன் இல்லாம மேட்ச் இல்லீங்க” என்று சேர்மனிடம் நேராகச் சொன்னார். நான் சேர்மனைப் பார்த்தேன். தீண்டாமைக்குக் கண்ணீர் விடுகிற மனுஷர் அல்லவா? அவர் பத்திரத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். “எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லை தம்பி. நான் அப்படிப்பட்டவனா? ஆனா பெரியவங்க மனசு நோகக்கூடாது பாருங்க. அவங்க எழுந்து போயிட்டா இன்னிக்கு இது கையெழுத்தாகாது. இன்னிக்கு ஒருநாள் போகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “செக்ரட்டரி நீங்கதானே? நீங்களே போய்ப் பக்குவமா சொல்லிடுங்க.”

பாய் என்னையே பார்த்தார். மாட்டேன் என்று நான் சொல்லியிருக்கலாம். பத்திரமும் வேண்டாம், பந்தலும் வேண்டாம், ஆற்று மணல் எங்கேயும் போய்விடவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். வேட்டியை இடுக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

புது வெள்ளை பனியன் போட்டிருந்தான். எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தான். பாதங்களைச் செங்கல்லால் தேய்த்துக் கழுவியிருந்தது பார்த்தாலே தெரிந்தது, குதிகால் சிவந்திருந்தது. வாய்க்கால் மேட்டில் அவன் பெண்டாட்டி இடுப்புப் பிள்ளையோடு, தலைக்குப் பூ வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அவன் முதல் ஆளாக உள்ளே போவதைப் பார்க்க வந்திருக்கிறாள்.

“இன்னிக்கு ஒருநாள் மட்டும்...” என்று ஆரம்பித்தேன். முடிக்கவில்லை. முடிக்கிற அவசியமும் இல்லை. வேலி ஓட்டையில் நுழைந்து பழகினவனுக்குப் பாதி வாக்கியம் போதும்.

என்னைத் தாண்டிக் கோல் கம்பத்தைப் பார்த்தான். “யாரு நிக்கப் போறாங்க சாமி?”

நான் மேலே தோரணத்தைப் பார்த்தேன்.

“யாரா இருந்தாலும் கம்பத்துல கை வெக்க வேணாம்னு சொல்லுங்க. ரெண்டாம் பூச்சு இன்னும் காயலை. ஒட்டும்.”

அவ்வளவுதான் சொன்னான். வரிசையிலிருந்து விலகி மேட்டுக்குப் போனான். பாய் வெளியே வந்து, ஜெர்ஸியைக் கழற்றி என் தோள்மேல் போட்டார். “ஐயங்காரே, எங்க மண்டியும்தான் நாறும். அந்த நாத்தம் உள்ளே இருக்கிற சரக்குக்கு. உங்க நாத்தம் உங்களுது” என்றார். போய் அவனோடு மேட்டில் உட்கார்ந்துகொண்டார். “நீங்க போய் ஆடுங்க பாய், எனக்காக வேணாம்” என்று அவன் சொல்வது என் காதில் விழுந்தது. பாய் நகரவில்லை. அதற்குப் பிறகு அவர் அந்த மைதானத்தில் கால் வைக்கவே இல்லை. என்னோடு பேசவும் இல்லை. ஆறு கடக்கிற வரைக்கும் அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ என்பார்கள். எங்கள் விஷயத்தில் ஆற்றைக் கடந்தவன் நான் ஒருவன்தான்.

கோலில் நான் நின்றேன். வேறு ஆள் இல்லை. காலுக்கடியில் பஞ்சகவ்யம் புளித்து நாறியது. ரயில்வேக்காரர்கள் முதல் பந்தை அடித்தபோது பயத்தில் கம்பத்தைப் பிடித்தேன். ஒட்டியது. பிறகு விழுந்த கோல்களை எண்ணுவதை நானே நிறுத்திவிட்டேன். மாப்பிள்ளை தூங்கிவிட்டார். மேட்ச் முடிந்து பத்திரத்தை வாங்கிக்கொள்ளக் கூப்பிட்டார்கள். சுண்ணாம்புக் கையோடு போய் வாங்கினேன். பத்திரத்தின் ஓரத்தில் என் ஐந்து விரலும் வெள்ளையாகப் பதிந்தன. “பரவாயில்லை, சுபம்தான்” என்றார் சேர்மன். எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கும் அம்மாமண்டபத்தில் முழுகித்தான் வீட்டுக்குப் போனேன்.

பிறகு சுவர் வந்தது. கேலரி வந்தது. பெயர் வெட்டிய கல் வந்தது. பாய் கேட்ட ஸ்டேடியம் அச்சு அசலாக வந்தது, பாய் மட்டும் இல்லை. ஊர்க்காரர்கள் என்னைச் சாதித்த மனுஷன் என்றார்கள். அவன் விளையாட வரவில்லை. அந்த ஒருநாள் போய், மறுநாள் போய், சேர்மன் சொன்ன ‘அப்புறம்’ வரவேயில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

நாற்பதுகளில் கோயில் கதவுகளே எல்லோருக்கும் திறந்தாயிற்று. அதே வக்கீல் மாலை போட்டுக்கொண்டு வரவேற்புரை படித்தார். நானே நின்று கேட்டேன். அப்போதுதான் எனக்குத் துணிச்சல் வந்தது. என் துணிச்சல் எப்போதும் ஊர்வலம் போன பிறகு வருகிற துணிச்சல். அவனைத் தேடிப் போய், வாப்பா, இனிமேல் வாசல் வழியாகவே வரலாம் என்று சொல்லிவிட வேண்டும் என்று மனதுக்குள் வாக்கியம்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன்.

தேட வேண்டிய வேலை இருக்கவில்லை. கேலரிக்கு ஓடு மாற்ற ஆள் வருகிறான் என்று ஒருநாள் காலையில் சீக்கிரமே மைதானத்துக்குப் போனேன். வாட்ச்மேன் இன்னும் வரவில்லை. பெரிய வாசல் பூட்டியிருந்தது. சாவி என்னிடம் இருந்தது. திறந்து உள்ளே போனால், கேலரிக்குப் பின்னால் தகரம் உரசுகிற சத்தம். பெரிய மனுஷர்கள் வருகிற இடம் என்று கேலரிக்குப் பின்புறம் கவுன்சிலே கக்கூஸ் கட்டிக் கொடுத்திருந்தது. அதற்குச் சந்துப் பக்கமாக, குனிந்து நுழைகிற மாதிரி ஒரு சின்னத் தகரக் கதவு. அந்தக் கதவு வழியாக அவன் வெளிப்பட்டான். ஒரு கையில் வாளி, ஒரு கையில் அள்ளுகிற தகடு. மயிர் நரைத்திருந்தது. தோள் இறங்கியிருந்தது. உயரம் மட்டும் அப்படியே இருந்தது.

இங்கே வேலை போட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று கேட்டேன். கேலரி கட்டினதிலிருந்து என்றான். அத்தனை வருஷமும் நான் மேலே உட்கார்ந்து மேட்ச் பார்த்திருக்கிறேன். அந்தக் கக்கூஸை உபயோகித்திருக்கிறேன். யார் அள்ளுகிறார்கள் என்று ஒருநாள்கூட எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. புண்யாஹத் தோஷம் இதற்கு மட்டும் கிடையாது போலிருக்கிறது. வக்கீலும் ஒருநாளும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

தயார் செய்து வைத்திருந்த வாக்கியத்தை அந்த வாளிக்கு முன்னால் சொல்ல முடியாது. எதையாவது சொல்ல வேண்டுமே என்று, “அன்னிக்கு நான் உனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தேன்...” என்று இழுத்தேன்.

“நெனப்பிருக்கு சாமி” என்றான். கேலி செய்கிற முகம் இல்லை. நிஜமாகவே என்னைச் சமாதானப்படுத்துகிறவன் மாதிரிதான் சொன்னான். “சொன்னபடிதானே ஆச்சு? தெனமும் இந்தக் கிரவுண்டுக்குள்ள மொத ஆளா நான்தான் வரேன்.”

வாளியைத் தூக்கினான். நான் வழியில் நின்றுகொண்டிருந்தேன்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க சாமி. மேல பட்டுடப் போவுது.”

நான் தள்ளித்தான் நின்றேன்.